பிடியரிசி

எங்கள் வீட்டு அடுக்களையில் குலுக்கைக்குப் பக்கத்தில் வாய் குறுகிய ஒரு மண் கலயம் இருந்தது. அம்மா காலையில் குலுக்கையைத் திறந்து உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவார். கல் பொறுக்கி, புடைத்து, களைவதற்குத் தண்ணீர் ஊற்றும் முன்பாக அந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவார். உதடு லேசாக அசையும். அது ஜெபமா, பிடிக்கணக்கா என்று எனக்கு அந்த வயதில் தெரியாது. சோறு பொங்கிய நாள் எல்லாம் இது நடந்தது. எதிர்பாராமல் விருந்தாளி வந்து அரிசி போதாமற்போன நாளிலும் நடந்தது.

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இதன் பெயர் பிடியரிசிக் காணிக்கை. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சிறு பையிலோ தூக்குவாளியிலோ கோயிலுக்குக் கொண்டுபோய், வாசலை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். வயல் உள்ளவர் வீட்டுப் பச்சரிசியும், பனையேறியின் வீட்டு ரேஷன் அரிசியும் அதற்குள் ஒன்றாகும். ஆராதனை முடிந்ததும் அந்தக் கலப்பரிசியைக் கோயில்பிள்ளை ஏலம் விடுவார். ஒரே பதத்தில் வேகாத அரிசி என்பதால் மலிவாகத்தான் போகும். மற்ற காணிக்கைகளுக்கு ரசீது உண்டு, வருடக் கடைசியில் பெயரும் தொகையும் வாசிக்கப்படும். பிடியரிசிக்கு மட்டும் பெயர் கிடையாது. யார் எவ்வளவு போட்டார் என்று கண்டுபிடிக்க வழியும் கிடையாது.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "குலுக்கையில இருந்தே ஒரு பிடி எடுத்துப் போட்டா என்னம்மா? சோறு குறையாதுல்லா?"

"குலுக்கையில கெடக்கது நாளைக்குள்ளதுல. ஒழக்குல அளந்ததுதான் இன்னைக்கு நம்மளுது. நம்மளுதுல இருந்துதான் குடுக்கணும்."

அப்போது இது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் யாரோ ஒருவருடைய தட்டில் ஒரு பிடி குறையும். அது எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டவரின் தட்டு. கடைசியாகச் சாப்பிட்டவர் அம்மா. இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்க எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆயிற்று. இத்தனைக்கும் நான் 33 ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன்.

*

கிறிஸ்தவ வீடுகளில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களில் ஒன்று 'ஒப்புக்கொடுத்தல்'. குடும்ப ஜெபத்தில், பயணம் புறப்படும்போது, தேர்வுக்குப் போகும் பிள்ளையின் தலையில் கைவைக்கும்போது, உயிர் பிரியும் படுக்கையின் அருகில் என்று எல்லா இடத்திலும் அது வந்துவிடும். வைணவ மரபில் 'சரணாகதி' என்ற சொல் நிற்கும் இடத்துக்கு அருகில் நிற்பது இது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் மனிதன் தன் முயற்சியால் இறைவனைப் பற்ற வேண்டுமா, தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோல் வெறுமனே கிடந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அறிவார்கள். கிருபையா கிரியையா என்று கிறிஸ்தவ உலகமும் ஏறக்குறைய இதே வாதத்தைச் செய்து இரண்டாகப் பிளந்திருக்கிறது.

என் தகப்பனார் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். சொற்களை உரித்துப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்: "ஒப்புக்கொடுக்குறது வேற, ஒப்புக்குக் கொடுக்குறது வேற. நடுவுல ஒரு 'குக்' வந்துட்டா எல்லாம் கெட்டுச்சு." நாங்கள் சிரித்தோம். ஒப்புக்குச் செய்வது என்றால் பேருக்குச் செய்வது, ஊர் பார்க்கச் செய்வது. இரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய எழுத்து வித்தியாசத்துக்குள் என் வாழ்க்கையின் நான்கு ஆண்டுகள் கழியும் என்று அன்று எனக்குத் தெரியாது.

தியாகம் என்றால் பெரிய செயல் என்றே நாங்கள் கற்றிருந்தோம். அதற்கு எங்கள் மண்ணிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அயல்நாட்டுப் பணமில்லாமல், நம்மவர் காணிக்கையைக் கொண்டு, நம்மவரையே ஊழியத்துக்கு அனுப்புவது என்பது நோக்கம். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ்.அசரியா. சங்கம் நைஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. சில ஆண்டுகளில் அசரியா தாமே குடும்பத்தோடு அங்கே போனார், தெலுங்கு கற்றார், 1912இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். இந்தக் கதை ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பலமுறை சொல்லப்பட்டது. போனவரின் பெயரை நாங்கள் மனப்பாடம் செய்தோம். போகாமல் வீட்டில் இருந்தபடி மாதந்தோறும் சில்லறை கொடுத்து அந்தச் சங்கத்தை நிற்க வைத்தவர்களை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. செய்யவும் முடியாது, அவர்களுக்குப் பெயர் இல்லை.

*

2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அம்மா அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். அப்பாவின் வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. பேச்சு குழறிற்று, சில சொற்கள் மட்டுமே தெளிவாக வந்தன. நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. தம்பி வெளிநாட்டில். அப்பாவைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த நாட்களின் ஒழுங்கு தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, புரையேறாமல் தலையை உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும். வேட்டி, விரிப்பு, ரப்பர் துணி என்று நாளுக்குப் பலமுறை மாற்ற வேண்டும். முதல் வாரங்களில் அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடம்பைத் துடைக்கப் போனால் செயலுள்ள இடக்கையால் துணியை இறுகப் பற்றிக்கொள்வார். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர், யாரிடமும் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காதவர். இயேசு தம் கால்களைக் கழுவ வந்தபோது கூடவே கூடாது என்று மறுத்த பேதுருவின் காட்சி யோவானின் சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. பேதுருவின் தாழ்மையைக் காட்டும் இடம் என்றுதான் அதைப் படித்திருந்தேன். அப்பாவின் இடக்கையை விரல் விரலாகப் பிரித்தபோது அந்த மறுப்பில் வேறொன்றும் இருப்பது தெரிந்தது. கொடுத்தே பழகியவனுக்குப் பெற்றுக்கொள்வது பெரிய அவமானம்.

அந்த நாட்களில் நான் ஒரு நோட்டுப் போட்டேன். நீளவாக்கில் நான்கு கட்டங்கள். தேதி, செலவு, ரூபாய், குறிப்பு. மருந்து, காற்று மெத்தை, பிசியோதெரபிக்கு வருபவரின் கூலி எல்லாம் எழுதினேன். அதில் தவறில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் நான்காவது கட்டம் மெல்ல மெல்ல நீண்டது. 'இரவு 2 மணி, 4 மணி.' 'நண்பர் மகன் திருமணத்துக்குப் போக இயலவில்லை.' 'விரிப்பு மூன்று முறை மாற்றப்பட்டது.' 'தம்பி பேசினான், எட்டு நிமிடம்.'

தம்பி ஞாயிறுதோறும் பேசுவான். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதருகே வைப்பேன். அவனுடைய குரல் கேட்டதும் அப்பாவின் முகம் மலரும். குழறிய நாக்கில் அவன் பெயர் மட்டும் பிசிறில்லாமல் வரும். வாரம் முழுவதும் கஞ்சி ஊட்டியவனின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. லூக்காவில் கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்த மகனை நான் அந்த நாட்களில்தான் புரிந்துகொண்டேன். தம்பி திரும்பி வந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குள் விருந்து நடக்கும்போது அவன் வெளியே நின்று தகப்பனிடம் ஆண்டுக்கணக்கை எடுத்துச் சொல்கிறான். இத்தனை வருடம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட எனக்கு இல்லை என்கிறான். கதையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த இளையவனோடுதான் சேர்ந்து அழுதிருக்கிறேன். வாசலில் நிற்கிறவனின் கையில் என் நோட்டு இருந்ததைக் கவனிக்கவில்லை.

*

அப்பாவின் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். லொரேன் பகுதியைச் சேர்ந்த ஏழை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் அடிபட்டு நொண்டியானவர். 1640இல் பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருவாக ஆகும் கல்வி இல்லாததால் வேலைக்காரச் சகோதரராக அடுக்களைக்கு அனுப்பப்பட்டார். அடுக்களை வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. அதில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர பர்கண்டிக்கு அனுப்பினார்கள். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு நகர்ந்திருக்கிறார். எழுதிக் குவித்தவர் அல்லர். 1691இல் அவர் இறந்த பிறகே அவரோடு பேசியவர் அந்தப் பேச்சுகளையும் கிடைத்த கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தின் சாரம் மிக எளியது. ஜெபவேளை வேறு, பாத்திரம் கழுவும் வேளை வேறு என்று அவருக்கு இல்லை. தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் கடவுளின் மேலுள்ள அன்புக்காக எடுத்துப் போட்டாலே அவருக்குப் போதும். தவறினால் என்னை விட்டால் இப்படித்தான் செய்வேன் என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, அதையே நினைத்துப் புலம்பிக்கொண்டிராமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

முதல் வாசிப்பில் எரிச்சல்தான் வந்தது. மடத்துக்குள் இருக்கும் பிரம்மச்சாரிக்கு இது எளிது, அவருக்கு ஞாயிறுதோறும் போனில் பேசும் தம்பி இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் வாசிப்பில் ஒன்று உறுத்தியது. துரும்பை எடுத்துப் போட்ட செய்தி நமக்குத் தெரிகிறதே தவிர, எத்தனை துரும்பு என்ற எண்ணிக்கை அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

அந்த ஆண்டின் முடிவில் இன்னொன்று நடந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று நடத்துவதுண்டு. 1755இல் ஜான் வெஸ்லி லண்டனில் தொடங்கிவைத்த மெதடிஸ்ட் வழக்கம் அது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் மற்றவரும் ஒன்றானார்கள். அவரவர் வழிபாட்டு முறைகளும் கலந்தன. அந்த ஆராதனையின் நடுவில் ஒரு ஜெபம் உண்டு. சபை முழுவதும் சேர்ந்து தன்னைக் கடவுளின் கையில் வைக்கிறது. என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாலும் சரி, வேண்டாமென்று ஓரமாக வைத்தாலும் சரி என்பது அதன் கருத்து.

நான் அதை ஐம்பது முறையாவது சொல்லியிருப்பேன். என் கவனம் எப்போதும் முதல் பாதியிலேயே இருந்தது. வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில் ஒரு பெருமை இருக்கிறது, களைப்பில்கூட இருக்கிறது. அந்தப் புத்தாண்டில் இரண்டாம் பாதியைச் சொல்லும்போது வாய் நின்றது. ஓரமாக வைக்கப்பட்டவர் வீட்டில் கிடந்தார். அவரும் தன் வாழ்நாளெல்லாம் இந்த ஜெபத்தைச் சொன்னவர். சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் எங்கள் இருவரில் அவர்தான் என்று தோன்றியது. சில மாதங்களாக அவர் துணியை இறுகப் பற்றுவதை விட்டிருந்தார். துடைக்கும்போது இடக்கையைத் தாமே தூக்கிக் கொடுப்பார். அது தோல்வியின் அடையாளம் என்றுதான் நோட்டின் நான்காம் கட்டத்தில் குறித்திருந்தேன். 'எதிர்ப்பு குறைந்துவிட்டது.'

*

2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம்பி மூன்று வாரம் விடுப்பில் வந்தான். நான் நோட்டை எடுத்து மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தேன். சண்டை போடும் எண்ணமில்லை. அவன் தானாகப் புரட்டிப் பார்க்க வேண்டும், பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். அதுதான் என் விருப்பம். இரண்டரை ஆண்டுகள் இந்த விருப்பத்தை நான் தியாகம் என்ற பெயரில் வளர்த்திருக்கிறேன்.

வந்த மறுநாள் அப்பாவைத் துடைக்க அவனும் வந்தான். விரிப்பைப் பார்த்ததும் வெளியே ஓடினான். கொல்லையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவில் சாய்ந்து நின்று அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "செலவெல்லாம் எழுதி வச்சிருக்கேன். சும்மா பாரு" என்றேன். அவன் சற்று நேரம் அதைத் தொடவில்லை. பிறகு எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தான். உள்ளே பணம் அனுப்பிய சீட்டுகள். மாதவாரியாக அடுக்கி, கிளிப் போட்டு வைத்திருந்தான்.

"நானும் வச்சிருக்கேன் அண்ணே. ஒருநாள் நீ கேப்பேன்னு தெரியும்" என்றான்.

மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு மூத்த மகன்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளறையில் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு கணக்கும் சரியா வருதா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சி வட்டிலைக் கழுவப் போனாள்.

அதில் கிண்டல் இருந்தது, கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. தம்பி எழுந்து அவள் பின்னால் போய், "மைனி, இங்க கொண்டாங்க, நான் கழுவுறேன்" என்றான். நான் எழவில்லை. நோட்டைப் பிரித்து, நானே எழுதியதை வேறு ஒருவர் எழுதியதுபோல் படித்துப் பார்த்தேன்.

'விரிப்பு மாற்றப்பட்டது.' 'கஞ்சி கொடுக்கப்பட்டது.' 'முதுகு துடைக்கப்பட்டது.' பக்கம் பக்கமாகச் செயப்பாட்டு வினை. செய்தவர் எங்கும் இல்லை. அப்பாவாக இருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு 'யாரால்?' என்று ஓரத்தில் எழுதியிருப்பார். தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்று உண்டு. வாக்கியத்தில் வெளிப்படாமல் மறைந்து நிற்கும் எழுவாய். என் நோட்டில் வெளிப்படாமல் நின்றவள் என் மனைவி. இரவு 2 மணிக்கு நான் விழித்தது உண்மை. நான் விழித்தபோது பெரும்பாலும் விரிப்பு மாறியிருந்தது. அவள் செய்ததையெல்லாம் வரவு வைத்து என் பெயரில் ஒரு தியாகக் கணக்கை நடத்தியிருக்கிறேன். வங்கியில் இதற்கு வேறு பெயர், அதற்குத் தண்டனையும் உண்டு.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். கணக்கு வைக்காமல் கொடுத்த ஒரு பெண், கணக்கு வைத்த இரண்டு ஆண்கள், அவள் வழியாக அவர்கள் பெற்ற ஞானம். மறுநாள் காலை நானும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். அடுக்களைக்குப் போய் அவளிடம் சொன்னேன். "நீதான் உண்மையில ஒப்புக்கொடுத்தவ. நீ கணக்கே வைக்கல."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "கணக்கு வைக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு? நீங்க கேட்டீங்களா, நான் மாட்டேன்னு சொல்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சுயநலமின்மையைப் பற்றி எங்கள் சபைகளில் கேட்ட பிரசங்கங்களில் பாதிக்கு மேல் பெண்களைப் புகழ்ந்தவை. புகழ்ந்தவர்கள் ஆண்கள். கேட்காமலே எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது எவ்வளவு வசதியான பக்தி! என் அம்மாவின் தட்டில் குறைந்த அந்தப் பிடியும் இப்படியானதோ என்று அன்றைக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இன்றும் தீரவில்லை. அம்மா இல்லை, கேட்க முடியாது.

பிலிப்பியருக்குப் பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்ற கருத்து வருகிறது. கிரேக்கத்தில் அதைக் கெனோசிஸ் என்பார்கள். இறையியலாளர்கள் அந்த ஒரு சொல்லைச் சுற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதிலுள்ள 'தம்மை' என்ற பகுதி மட்டுமே. அவர் தம்மை வெறுமையாக்கினார், பிறரை வெறுமையாக்கவில்லை. யோவானிலும் தம் உயிரை ஒருவரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே கொடுப்பதாக அவர் சொல்லுகிறார். மறுக்க உரிமையுள்ள கையிலிருந்து வருவதுதான் காணிக்கை. மறுக்க இடமில்லாத கையிலிருந்து எடுப்பதற்கு வேறு பெயர். என் மனைவி ஒப்புக்கொடுத்தாளா என்று தீர்மானிக்கும் இடத்தில் நான் இல்லை. அவளுக்கு மறுக்கும் உரிமையைக் கொடுக்கும் இடத்தில் இருந்தேன், கொடுக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது சொற்பமாகவும் தெளிவாகவும் இருந்தது. தம்பி அனுப்பும் பணத்தில் பகலுக்கு ஓர் ஆளை வைத்தோம். இரவு முழுவதும் என் முறை என்றானது. தம்பி விடுப்பு முடியும்வரை அப்பாவின் அறையில் படுத்தான். நான்காவது நாள் வாந்தி நின்றது. பொங்கல் கழிந்து என் மனைவி தன் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். திருமணமாகி அத்தனை வருடத்தில் அவ்வளவு நாள் அவள் அங்கே தங்கியது அதுவே முதல்முறை. போகும்போது, "திரும்பி வருவேனான்னு கேக்க மாட்டீங்களா?" என்று சிரித்தாள். கேட்டேன். "பாப்போம்" என்றாள்.

அந்தப் பதினைந்து இரவுகளில் நான் லாரன்ஸின் வழியைப் பின்பற்றிப் பார்த்தேன். பெரிய அனுபவம் எதுவும் வாய்க்கவில்லை. முதல் இரவே மணி பார்த்தேன், மனத்தில் எழுதிக்கொண்டேன். இதுதான் நான் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை புரட்ட எழுந்தேன். மூன்றாம் இரவும் அப்படியே. எட்டாவதோ ஒன்பதாவதோ இரவில் காலையில் எழுந்தபோது, இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்பது ஞாபகம் இல்லை. அது களைப்பாகவும் இருக்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அப்பா 2017இல் இறந்தார். கடைசி நாட்களிலும் தம்பியின் பெயர்தான் தெளிவாக வந்தது. ஒருநாள் விடியற்காலையில் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். தம்பியின் பெயரைச் சொல்லித்தான் என்னை அழைத்தார். "என்னப்பா" என்றேன். அந்தப் பெயருக்குப் பதில் சொல்வதில் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது. அதற்கும் மறுநாள் மறுபடியும் சரியாயிற்று. இது இப்படித்தான் போகும் போலும்.

நோட்டை நான் எரிக்கவில்லை. அப்படிச் செய்தால் அதுவும் நான்காவது கட்டத்தில் எழுதத்தக்க செயலாகிவிடும். மீதிப் பக்கங்களில் பால் கணக்கு ஓடி முடிந்தது. இப்போது அடுக்களையில் மண் கலயம் இல்லை, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. காலையில் பெரும்பாலும் நான்தான் சோறு பொங்குகிறேன். டம்ளரில் அளந்து, களைவதற்கு முன் ஒரு பிடி எடுக்கிறேன். முதல்நாள் எடுத்தபோது மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கை பெருசு. அவ்வளவு எடுத்தா ரெண்டு பேருக்கும் பத்தாது. கொஞ்சம் திரும்பிப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.